ஆமை சாகவில்லை

அன்புள்ள பத்திரிகை ஆசிரியர் தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவது முறை என்பதால் கேட்கிறேன். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் பத்திரிகையால் கெட்டது எங்கள் வீட்டு நலம். உங்கள் வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும், முக்கியமாக உங்கள் மாமியாரை. அவரைப் பற்றிக் கீழே வருகிறது. நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைதான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும், நானும் உங்கள் பிழைகளைப் பொறுத்துக்கொண்டுதான் வருகிறேன். என் வீட்டுக்காரர் இறந்தபோது அஞ்சலி விளம்பரத்தில் வேறொருவர் படத்தைப் போட்டீர்கள். அந்த மனிதர் இன்றைக்கும் மார்க்கெட்டில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். சரி, அதை இப்போது கிளறவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சினிமாப் பக்கத்தில் என் பேத்தி வேலை பார்க்கும் கார்ட்டூன் கம்பெனியைப் பற்றிச் செய்தி போட்டீர்கள். ஆமைப் படம் முடியும் கட்டத்தில் இருக்கிறது, கோடை விடுமுறைக்கு வருகிறது, அடுத்து யானைப் படம் தொடங்கப்போகிறார்கள் என்றெல்லாம் எழுதியது சரி. கடைசியில் ஒரு வரி எழுதினீர்களே, "கலங்கரை விளக்கத்தில் வாழும் கிழட்டு ஆமை இறுதியில் கடலில் மூழ்கி உயிர் விடுகிறது" என்று, அந்த ஒரு வரி எங்கள் வீட்டில் இடி மாதிரி விழுந்தது. படத்தின் முடிவு கம்பெனிக்குள் நாலு பேருக்குத்தான் தெரியுமாம். அந்தக் காட்சியை வீட்டில் உட்கார்ந்து செய்தது என் பேத்தி ஒருத்திதான். மறுநாளே மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "கம்ப்யூட்டரை வச்சிட்டுப் போங்க. நாளன்னிக்குக் காலையில விசாரணை" என்று சொல்லிவிட்டார். நாளன்றைக்கு என்று அவர் சொன்னது நாளைக்கு வந்துவிட்டது தம்பி. பிள்ளை சாப்பிடவில்லை. அறைக்குள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கிறாள். நான் கதவைத் தட்டினால், "பாட்டி, நீ யார்கிட்டயாவது சொன்னியா?" என்று கேட்கிறாள். கேட்கலாமா என்னைப் பார்த்து அப்படி?

அவள் எனக்கு ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள்: "பாட்டி, இது வெளிய போச்சுன்னா என் வேலை போச்சு. யார்கிட்டயும் மூச்சு விடாத." நான் விடவில்லை. எனக்கு அந்தக் கதை தெரிந்ததே வேலை சம்பந்தமாகத்தான். ஆமை நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டுமாம், வயசானவர்கள் எப்படி எழுந்திருப்பார்கள் என்று பார்த்து வரைய வேண்டுமாம், அதற்காக என்னைச் சமையலறை நாற்காலியில் உட்கார வைத்துப் போனில் படம் பிடித்தாள். "இன்னொரு தடவை எந்திரி பாட்டி. கை முழங்காலுக்குப் போகட்டும். 'ஐயோ' மட்டும் வேணாம்." நான் சொன்னேன், "'ஐயோ' இல்லாம எந்திரிச்சா அது நான் இல்லடி." பிறகு ஆமையும் ஐயோ சொன்னது. அப்படி உழைத்த எனக்குக் கதை தெரியாமல் இருக்குமா?

இப்போது உங்கள் மாமியாரிடம் வருகிறேன். முழங்கால் டாக்டரிடம் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் காப்பிப்பொடி கலர் பையோடு ஒரு அம்மா. டோக்கன் நகரவே இல்லை. மனிதர்கள் பேசத்தான் செய்வார்கள். என் பேத்தி யாரிடமும் சொல்லாதே என்றது வீட்டு விஷயம், ஆஸ்பத்திரி வீடா? புயல் வந்ததையும், ஆமையை விரட்டிவிட்ட படகுக்காரன் அலையில் மாட்டிக்கொண்டதையும், ஆமை விளக்கை முதுகில் கட்டிக்கொண்டு கடலில் இறங்கியதையும் சொன்னேன். "அலை வந்து மூடிருச்சு. விளக்கு அணைஞ்சிருச்சு" என்றேன். அந்த அம்மா நெஞ்சில் கையை வைத்து, "அய்யய்யோ, செத்துப்போச்சா?" என்றார். அந்த நேரம் பார்த்து நர்ஸ் அவர் டோக்கனைக் கூப்பிட்டாள். எழுந்து போனவர் திரும்பி வருவதற்குள் என்னையும் கூப்பிட்டுவிட்டார்கள். மீதிக் கதை என் வாயிலேயே நின்றுவிட்டது.

இங்கேதான் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். ஆமை சாகவில்லை தம்பி! படகுக்குக் கீழிருந்து விளக்கோடு மேலே வருகிறது, தியேட்டரே கை தட்டும். முழுக் கதையையும் கீழ்வீட்டுக்காரியிடம் சொன்னேன், தையல்காரியிடம் சொன்னேன். அவர்கள் வாயிலிருந்து வந்திருந்தால் உங்கள் செய்தியில் ஆமை பிழைத்திருக்கும். பாதியில் எழுந்துபோனவர் ஒருத்தர்தான், "என் மாப்பிள்ளை பத்திரிகை ஆசிரியரு, சினிமாப் பக்கம் பூரா அவர் கைதான்" என்று பெருமை பேசியவரும் அவர்தான். ஈரத் துண்டை மெத்தையில் போடுவீர்களாமே. இன்னும் நிறையச் சொன்னார். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நான் அதை அச்சடித்து ஊருக்கு விடவில்லை.

ஆகவே இன்றைக்கே மேனேஜருக்குப் போன் போட்டு, செய்தி என் மாமியார் வாயிலிருந்து வந்தது என்று சொல்லுங்கள். அவருக்கு யார் சொன்னது என்று கேட்டால், முழங்கால் வலிக்காரி யாரோ ஒருத்தி என்று சொல்லுங்கள். அதற்கும் விடவில்லை என்றால் என்னையே சொல்லுங்கள். அடையாளம் கேட்டால், ஆமை நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அதுதான் நான். என்ன தண்டனையோ எனக்குக் கொடுக்கட்டும், அந்தப் பிள்ளையை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். சின்ன வயதிலிருந்து வீட்டுச் சுவரில் ஓர் இடம் விடாமல் கிறுக்கியவள் அவள். அந்தச் சுவருக்கு நான் வெள்ளையடிக்க விட்டதே இல்லை.

நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நோய் நொடியில்லாமல், துண்டைக் கொடியில் போட்டு, நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
ஆமை

பின்குறிப்பு: இதைக் கொடுக்க உங்கள் ஆபீஸ் வாசல் பெஞ்சில் காத்திருக்கும்போது பேத்தி போன் செய்தாள். விசாரணை இல்லையாம். ஆமையைக் கொல்லாதீர்கள் என்று ஊரே கம்பெனிக்கு எழுதித் தள்ளுகிறதாம், படம் வருமுன்னே இத்தனை பேர் அழுகிறார்களே என்று முதலாளிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லையாம். இருந்தாலும் பாதிக் கதை வெளியே போய்விட்டதால் முடிவை மாற்றுகிறார்கள். ஆமையை எழுப்பவும் உட்காரவைக்கவும் அவளை விட்டால் ஆள் இல்லை என்று அவளையே கூப்பிட்டுவிட்டார்கள். ஆகவே மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம், போனும் போட வேண்டாம். புது முடிவு இன்னும் நன்றாக இருக்கிறது: ஆமை கரைக்கு வந்து படகுக்காரன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவனை விளக்குத் துடைக்கச் சொல்கிறது. இது உங்களோடு இருக்கட்டும். வியாழக்கிழமை எனக்கு மறுபடி முழங்கால் டாக்டர். டோக்கன் கூப்பிட்டாலும் இந்தத் தடவை முழுசாகக் கேட்டுவிட்டு எழுந்திருக்கும்படி உங்கள் மாமியாரிடம் சொல்லிவைக்கவும்.