கதிர்காமநாதன் கிணற்றின் வாக்குமூலம்

விஞ்ஞானத்துக்கு மாலை போட்டு வரவேற்ற பெருமை வன்னியில் கதிர்காமநாதன் ஒருவரையே சாரும். புளியங்குளத்துக்கு அப்பால் இருந்த குடியேற்றத் திட்டத்தின் சங்கத் தலைவர் அவர். 'மனிதக் கால் படாத கன்னிக் காடு' என்று சத்தியம் செய்து காணி பெற்றவர். அங்கே தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்தோம் என்ற நாச்சியாவை, "காட்டில ஏது மாடு?" என்று அன்போடு கேட்டு மேட்டுக்கு அனுப்பிவைத்தவரும் அவரே.

திடீரென ஒருநாள் தலைவரின் பேரக் குழந்தைக்கு உதடு நீலமாகியது. கிணற்றுத் தண்ணீரில்தான் பால்மா கரைத்தார்கள்.

"மேட்டில நிக்கிற நாச்சியாவின்ர மாட்டு மூத்திரம் நிலத்துக்கு அடியால வருது!" என்று தலைவர் முழங்கினார். அவளை மேட்டிலிருந்தும் எழுப்ப வேண்டுமெனத் தீர்மானம் தயாராகியது. ஆதாரத்துக்காகக் கொழும்பிலிருந்து இரசாயனப் பரிசோதகர் அருந்ததி வரவழைக்கப்பட்டார். அவர் கழுத்தில் மாலை விழுந்தது. அவர் போத்தல்களில் தண்ணீர் எடுத்துப் போய், முடிவோடு பொதுக்கூட்டத்துக்குத் திரும்பி வந்தார்.

"நாச்சியாவின்ர கிணறு சுத்தம். அதுக்கும் உங்கட கிணத்துக்கும் இடையில துளைபோட்டு எடுத்த தண்ணியும் சுத்தம். மேட்டிலயிருந்து நல்ல தண்ணிதான் ஓடி வருது. உங்கட காணிக்குக் கீழ வந்தாப் பிறகுதான் கெடுது."

"எங்கட காணியிலயோ? நான் ஒரு ஆடுகூட வளர்க்கேல்லையே, மிஸ்!"

"அது பழைய பட்டி. கனகாலம் மாடு அடைச்ச நிலம். அந்த மூத்திரத்தின்ர உப்பு இன்னும் மண்ணுக்கால கிணத்துக்கு இறங்குது. அதுதான் பிள்ளையின்ர உதட்டை நீலமாக்கினது."

தலைவருக்குச் சால்வைக்குள் வியர்த்தது. "காட்டெருமை நிண்டிருக்கும்."

"பரம்பரையா, ஒரே இடத்திலயோ?"

பின்வரிசையிலிருந்து நாச்சியா எழுந்தாள்.

"அது எங்கட வாப்பாட பட்டி, தலைவர். மூத்திரத்தைத் திருப்பி எடுக்க எங்களால ஏலாது. காணியைத் தாங்கோ."

சபை சிரித்தது. தலைவரும் கூடச் சிரித்துவிட்டு, பிறகுதான் ஏனென்று யோசித்தார். நாச்சியாவை எழுப்பும் தீர்மானம் 'காலவரையறையின்றி' ஒத்திவைக்கப்பட்டது. தலைவரின் மனைவி நேசமலர் யாரிடமும் கேளாமல் குடத்தோடு மேட்டுக்குப் போனாள். நாச்சியா கேள்வி கேட்காமல் அள்ளி ஊற்றினாள். குழந்தையின் உதடு சிவந்தது.

பரிசோதனை முடிவைப் பார்த்து, காணியை மறுபடி விசாரிக்க அதிகாரி வரப்போவதாகச் செய்தி வந்தது. தலைவர் உடனே அவசரக் கூட்டம் கூட்டினார். 'குழந்தைகளின் நலன் கருதி' கற்பூரம் கொளுத்தி, தேவாரம் பாடி, தன் கிணற்றைத் தானே முதல் மண் போட்டுத் தூர்த்தார்.

சாட்சியை இத்தனை மரியாதையோடு உயிருடன் புதைக்க வேறு யாருக்கு வரும்?