டெஸ்டிங் அண்ணனுக்கு எந்தப் பியர்?

பியர் குடிக்கிறவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கலாம். ஆனால் செத்த பிறகு தனக்கு எந்தப் பியர் கிடைக்கும் என்று உயிரோடு இருக்கும்போதே கவலைப்பட்ட மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் இலங்கை மலையகத்தில், டயகம பஜாரில் இருக்கிறார். டெஸ்டிங் அண்ணன் என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் நாய்கூட வழிகாட்டும்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ உண்டு. அது அடையாள அட்டையோடு சரி. ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது அவர் தொழில். சுற்றியுள்ள தோட்டங்களில் கோயில் திருவிழா என்றாலும் கலியாணம் என்றாலும் அவருடைய ஸ்பீக்கர்தான் மரத்தில் ஏறும். மற்ற மைக்செட்காரர்கள் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று நாலு தரம் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். நம்மவருக்கு அதெல்லாம் பற்றாது. மாப்பிள்ளை வந்து, பெண் வந்து, ஐயர் வந்து உட்கார்ந்த பிறகும் அவருடைய டெஸ்டிங் நடந்துகொண்டிருக்கும். மைக் என்று இல்லை, எதையும் டெஸ்ட் பண்ணாமல் நம்பமாட்டார். குடை வாங்கினால் கடை வாசலிலேயே விரித்துப் பிடித்து, கடைக்காரரை ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லுவார். கடைக்காரர்கள் அவரைக் கண்டால் குடைகளை உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள்.

நான் அப்போது டயகமவில் ஒரு பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவருடைய கடைக்கு மேல் அறையில் வாடகைக்கு இருந்தேன். மழை விட்டாலும் தூவானம் விடாத ஊர். சாயங்காலம் ஆனதும் கீழேயிருந்து குரல் வரும்: "சேர், எறங்கி வாங்க! தனியா ஒக்காந்து என்னா செய்றீங்க?" இறங்கிப் போனால் எனக்கு ஒரு பிளேன்டீ இருக்கும், அவருக்கு ஒரு போத்தல் பியர் இருக்கும். குடிப்பது அவர் வேலை, கேட்பது என் வேலை. வீடு கடைக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் இருந்தும் கடையில் உட்கார்ந்து ஏன் குடிக்கிறார் என்பது எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஊரே சேர்ந்து எனக்கு விளங்கவைத்தது.

அது அவருடைய ஸ்ட்ராங் காலத்துக் கதை. வாலிப வயதில் அவருக்கு ஸ்ட்ராங் பியரைத் தவிர மற்றதெல்லாம் கழுநீர். "பியர்னா நெஞ்சுல ஏறி மிதிக்கணும்" என்பது அந்தக் காலத்துக் கொள்கை. அப்போதுதான் அவருடைய மனைவி பாக்கியம் அக்காவின் தம்பிக்குக் கலியாணம் வந்தது. ஸ்பீக்கர் யாருடையது என்று சொல்லவேண்டியதில்லை. ஒரு குழாய் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தைப் பார்த்து, இன்னொன்று தேயிலை மலையைப் பார்த்து. மத்தியானச் சாப்பாடும் ஸ்ட்ராங்கும் முடிந்ததும் அண்ணன் ஆம்ப்ளிபயர் பெட்டிக்குப் பின்னால் சாக்கை விரித்துப் படுத்தார். மைக் வயிற்றின் மேல் இருந்தது. பாட்டு முடிந்தது. அடுத்து வந்தது குறட்டை.

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஏதோ லொறி ஏற்றத்தில் மாட்டிக்கொண்டது என்று நினைத்தார்களாம். தொழிற்சாலையிலிருந்து இரண்டு பேர் தள்ளிவிட ஓடி வந்தார்களாம். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. குறட்டைக்கு நடுவில், தூக்கத்தில், தெள்ளத் தெளிவாக, மலை முழுக்க எதிரொலிக்கும்படி அவர் சொன்னார்: "பாக்கியம்… இன்னொரு போத்தல்!"

அடுத்த வாரம் முழுக்கக் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போன இடத்தில் பாக்கியம் அக்காவை யாரும் பெயர் சொல்லி மட்டும் கூப்பிடவில்லை. பெயருக்குப் பின்னால் போத்தலும் சேர்ந்தே வந்தது. வீட்டுக்கு வந்த அக்கா ஒரு சட்டம் போட்டார்.

"இந்த வாசப்படியத் தாண்டி இனிமே ஒரு போத்தல் உள்ள வரக் கூடாது. நீங்க வரலாம். போத்தல் வரக் கூடாது."

அன்றிலிருந்து போத்தல் கடையிலும் அக்கா வீட்டிலும் இருந்தார்கள். அண்ணன் நடுவில் போய்வந்துகொண்டிருந்தார்.

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் ஒரு ஹோட்டலுக்கு ஸ்பீக்கர் கட்டப் போனதில் அவருடைய நாக்கு மாறியது. அங்கே யாரோ கண்ணாடிக் கிளாசில் லாகர் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வரும்போது கையில் ஒரு கிளாஸ், வாயில் ஒரு புது வேதாந்தம். இது எனக்கு அவர் நேரில் சொன்னது:

"லாகருல கசப்பு வந்து நாக்குல ஒக்காருது சேர். கொஞ்ச நேரம் இருந்துட்டு மரியாதையா எந்திரிச்சிப் போயிருது. ஸ்ட்ராங்கு அப்புடி இல்ல. வந்தா போவாது. மச்சான் மாதிரி."

அந்த மச்சான் யார் என்று நான் கேட்கவில்லை. அந்தக் குறட்டைக் கலியாணத்து மாப்பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும்.

நான் டயகமவுக்குப் போனபோது அவர் லாகரிலிருந்து கறுப்புப் பியருக்கு மாறிக்கொண்டிருந்தார். கறுப்பு உடம்புக்குச் சூடு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஆனால் டயகமக் குளிரில் அது தொண்டையில் இறங்கவே யோசிக்கிறது என்று அண்ணனுக்கு வருத்தம். ஒரு கலியாணத்தில் போத்தலைத் திறக்காமலேயே ஆம்ப்ளிபயர் பெட்டியின் தலையில் வைத்தார். பெட்டி நன்றாகச் சுடும். போத்தலும் நன்றாகச் சுட்டது. ஐயர் "கெட்டிமேளம்" என்று கையைத் தூக்கவும், மூடி 'டப்' என்று பறக்கவும் சரியாக இருந்தது. கறுப்பு நுரை பெட்டிக்குள் இறங்கியது. ரெக்கார்டில் ஓடிய நாதஸ்வரம் மாடு கத்துவதுபோல ஒரு தரம் கத்திவிட்டு நின்றுபோனது. மாப்பிள்ளை தாலியோடு திகைத்து நிற்கிறார். டெஸ்டிங் அண்ணன் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. எழுந்து நின்று, கையைத் தொடையில் தட்டி, வாயாலேயே மேளமும் நாதஸ்வரமும் வாசித்தார். அந்தத் தம்பதி இன்றைக்கும் சண்டை சச்சரவில்லாமல் இருக்கிறார்கள். மின்சாரத்தில் வந்த மேளம் கேட்டுக் கலியாணம் செய்த பல பேருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கறுப்பு போய், லாகரில் இஞ்சிச் சோடாவைக் கலக்கும் காலம் வந்தது. கூடக் குடிக்க வந்த சினேகிதர்கள் இதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள். "பியருல இனிப்பா? சாமி குத்தம்டா" என்றார் ஒருவர். அண்ணன் அசரவில்லை. பிறகு அதுவும் போனது. வயிற்றில் காற்று சேர்கிறது என்று லாகரைச் சும்மா திறந்துவைத்து, நுரையெல்லாம் அடங்கி, கடையில் பிளேன்டீ போடும் அடுப்பு ஓரத்தில் லேசாகக் குளிர் விட்ட பிறகு அரைக் கிளாஸ் மட்டும் ஊற்றி, சாயங்காலம் முழுக்க உறிஞ்சிக்கொண்டிருப்பார். நல்ல பியர் குடிக்கிறவன் பார்த்தால் கண்ணீர் விடுவான்.

"இப்பத்தான் சேர் ருசியே தெரியுது. இத்தன வருஷமா காத்தையும் நுரையையுமில்ல குடிச்சிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. மிச்சப் போத்தலை யாராவது கேட்டால் கொடுத்துவிடுவார். கேட்கத்தான் ஆளில்லை.

அந்த நிம்மதியில் ஒரு நாள் மண் விழுந்தது. நெஞ்சு வலி என்று நுவரெலியா ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தோம். பெரிதாக ஒன்றுமில்லை. டாக்டர் சிங்களத்தில் "பியர் எபா" என்றார், வேண்டாம் என்று. அண்ணன் விடுவாரா? "டிகக்?" என்று விரலிடுக்கில் கொஞ்சூண்டு அளவு காட்டிக் கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டு, விசேஷ நாளில் அரைக் கிளாஸ் என்று இறங்கிவந்தார். ஆனால் கட்டிலில் படுத்திருந்த நாட்களில் அண்ணன் வேறொன்றை யோசித்துவிட்டார். திரும்பி வந்த அன்றே என்னைக் கீழே கூப்பிட்டார்.

"சேர், நான் செத்தா தீபாவளிக்கு எனக்கு என்னா வைப்பாங்க?"

எங்கள் பக்கத்தில் தீபாவளிக்குச் செத்தவர்களுக்குப் படைப்பார்கள். அவரவருக்குப் பிடித்தது இலையில் இருக்கவேண்டும். இட்லி, ஆட்டுக்கறி, வெற்றிலை, புதுச் சாரம், குடிக்கிறவர் என்றால் அவர் குடிக்கும் சரக்கு. சாம்பிராணி காட்டிவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள், வந்தவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று.

"எங்க அப்பாவுக்குப் பிரச்சின இல்ல சேர். பொறந்ததுலேர்ந்து சாராயம். பெரியண்ணன் வீட்டுல வருஷா வருஷம் அதத்தான் வைக்கிறாங்க. என் கத அப்புடியா? என் மவன் சின்னப் புள்ளயில பாத்தது ஸ்ட்ராங்கு. அவன் அதத்தான் வாங்கிட்டு வருவான். செத்ததுக்கு அப்புறமும் வருஷா வருஷம் வந்து அந்த ஸ்ட்ராங்கக் குடிச்சிட்டுப் போவணுமா?"

"மகனிடம் சொல்லிவிடுங்களேன்" என்றேன்.

"அவன் கொழும்புலேர்ந்து எத வாங்கியாந்தாலும் வைக்கப் போறது பாக்கியம். அவ வீட்டுக்குள்ளயே போத்தல விட மாட்டாளே!" என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை. வேடிக்கை பேசுகிற மனிதரின் முகத்தில் வேடிக்கை இல்லாமல் போனால் பார்க்கவே சங்கடமாக இருக்கும். இரவல் வாங்கின மாதிரி ஒரு முகம். தன்னை எப்படி நினைத்து வைத்திருக்கப்போகிறார்கள் என்பதுதான் அவருடைய பயம் என்று எனக்கு அப்போது விளங்கியது.

அப்புறம் என்ன? டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். உயிரோடு இருக்கும்போதே படையல் ஒத்திகை! தூது போனது நான்.

பாக்கியம் அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுத் துருவுவதை நிறுத்தவில்லை.

"மொதல்ல செத்துக் காட்டச் சொல்லுங்க சேர். அப்புறம் படையலப் பாப்போம்."

நான் விடாமல் நின்றேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததைச் சொன்னேன். துருவல் கொஞ்சம் மெதுவானது.

"சரி. இந்தத் தீபாவளிக்கு ஒரு தரம் எல போடுறேன். சோறு வைப்பேன், கறி வைப்பேன். போத்தல் வாசப்படியத் தாண்டாது. இன்னொண்ணு, செத்தவங்க மாதிரி இருக்கணும். உப்பு பத்தல, ஒறப்பு பத்தலன்னு வாயத் தொறக்கக் கூடாது."

"பாதி டெஸ்டிங்தான்" என்று அண்ணன் பெருமூச்சு விட்டார். ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

தீபாவளியன்று அவர் சட்டமிட்டு வைத்திருந்த போட்டோவுக்கு மாலை போட அக்கா கண்டிப்பாக மறுத்துவிட்டார். "ஆளே ஒக்காரட்டும்" என்றார். அண்ணன் புதுச் சாரம் கட்டி, நெற்றியில் திருநீறோடு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் இலைக்கு வந்தது. கடைசியாக அக்கா அடுக்களையிலிருந்து மூடியிட்ட பித்தளைச் செம்பு ஒன்றைக் கொண்டுவந்து இலையின் ஓரத்தில் வைத்தார். சாம்பிராணி காட்டினார். நாங்கள் வெளியே வந்தோம். அக்கா கதவைச் சாத்தினார்.

அக்கா, நான், கொழும்பிலிருந்து வந்திருந்த மகன் மூன்று பேரும் வாசலில் நின்றோம். உள்ளே செம்பின் மூடி நகர்வது கேட்டது.

"பாக்கியம்…" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

"செத்தவங்க பேசக் கூடாது!" என்றார் அக்கா.

"இது காத்து எறக்குன லாகரு புள்ள!"

"தெரியும். காலையிலயே ஊத்தி அடுப்பு ஓரமா வச்சேன்."

"போத்தலு உள்ள வந்துச்சா?"

"வரல. கொல்லையில வச்சே ஊத்தியாச்சி. செம்புதான் உள்ள வந்துச்சி."

மகன் என் காதில் கிசுகிசுத்தான்: "அம்மா போன்லயே சொல்லிட்டாங்க சேர். ஸ்ட்ராங்கு வேணாம், கறுப்பு வேணாம், லாகரு கொண்டான்னு. நான் ஸ்ட்ராங்குதான் வாங்க இருந்தேன்."

"ஒனக்கு எப்புடித் தெரியும்?" என்று உள்ளேயிருந்து கேட்ட குரல் உடைந்திருந்தது.

"எத்தன வருஷமா உங்க சட்டையத் தொவைக்கிறேன்?" என்றார் அக்கா, கதவைப் பார்த்து. "ஸ்ட்ராங்குக்கு ஒரு வாசம், கறுப்புக்கு ஒரு வாசம். இஞ்சி கலந்து குடிச்ச வருஷம் சட்டையில எறும்பு ஏறிச்சி. இப்பத்தான் ரெண்டு மூணு வருஷமா ஒண்ணும் மணக்கல, அடுப்புப் பொகதான் மணக்குது. இதுகூடத் தெரியாமயா குடும்பம் நடத்துறேன்?"

செத்தவர் முறைப்படி மௌனமாகிவிட்டார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புகை என்றார். வாசலில் புகையே இல்லை.

வழக்கமாகச் செத்தவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட அண்ணன் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். கதவைத் திறந்து வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. அரைக் கிளாசுக்குக் கண் சிவக்காது.

"டெஸ்டிங் எப்படி அண்ணே?" என்றேன்.

"கிளியராக் கேக்குது சேர்" என்றார்.

இப்போது நான் ஹட்டனுக்கு மாற்றலாகிவிட்டேன். அண்ணனுக்கு மற்ற நாட்களில் என்னைப் போலவே பிளேன்டீதான். தீபாவளிக்கு மட்டும் அக்கா கையால் ஒரு செம்பு. ஒரு தரம் என்று ஒத்துக்கொண்ட அக்காவிடம், "டெஸ்டிங் இன்னும் முடியல புள்ள, ஒரு எடத்துல லேசா இரையுது" என்று ஒவ்வொரு வருஷமும் ஏதாவது குறை சொல்லி மறுபடியும் இலை போட வைத்துவிடுகிறார். நானும் தவறாமல் டயகம பஸ் ஏறிவிடுகிறேன். முன்பெல்லாம் கலியாண வீடுகளில் இந்த மனிதர் டெஸ்டிங்கை எப்போது முடிப்பார் என்று எரிச்சலோடு உட்கார்ந்திருப்பேன். இந்த ஒரு டெஸ்டிங் மட்டும் முடியவே கூடாது என்று, சாத்திய கதவுக்கு வெளியே அக்காவின் பக்கத்தில் நின்று, வருஷா வருஷம் வேண்டிக்கொள்கிறேன்.