வியாழத்தாரின் காற்றாடி

பிடிவாதத்துக்கு ஓர் உலகப் போட்டி வைத்தால் முதலாம், இரண்டாம், மூன்றாம் பரிசுகளை எங்கள் வியாழத்தாரே தட்டிக்கொண்டு வந்திருப்பார். ஆறுதல் பரிசையும் ஏன் தரவில்லை என்று நடுவரோடு சண்டை பிடித்திருப்பார். கரண்ட் என்ற சாமானையே ஊர் மறந்துபோயிருந்த தொண்ணூற்றேழாம் ஆண்டில், கனகராயன்குளத்தில் இருந்துகொண்டு, வியாழக் கிரகத்தின் சத்தத்தை றேடியோவில் கேட்டே தீருவேன் என்று நின்ற மனிதர் அவர்.

அவருடைய சொந்தப் பெயர் கடைசிவரை எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த எனக்கு அங்கே கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் அளந்து கொடுக்கிற உத்தியோகம். ஊரே என்னிடம் போத்தலோடு வரும்; அவர் ஒருநாளும் வந்ததில்லை. "எண்ணெய்க்குக் கையேந்திறவன் விஞ்ஞானி இல்லை, தம்பி" என்பார். இருட்டில் தடக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்ட நாளிலும் அதையேதான் சொன்னார்.

முன்பு மாங்குளம் ஸ்டேசனில் சிக்னல் பார்த்தவர். ரயில் நின்றது, பிறகு தண்டவாளமும் கழன்று பங்கர்களுக்கு மூடியாகப் போனது. கூட வேலை செய்தவர்கள் தோட்டம் கொத்தப் போனார்கள். இவர் மட்டும், "வராத ரயிலுக்குக் காது குடுத்துக்கொண்டிருந்தனான். இனி வாற ஒண்டுக்குக் குடுப்பம்" என்று வானத்தைப் பார்க்கத் தொடங்கினார். வியாழன் சிலவேளைகளில் சிற்றலையில் இரையும் என்று எங்கேயோ வாசித்திருந்தாராம். அது மெய்தான் என்று பின்னாளில் நானும் அறிந்துகொண்டேன். அந்த நாளில் ஊரில் ஒரு குஞ்சு குருமானும் நம்பவில்லை.

வீட்டுக்குப் பின்னால் இருந்த வெட்டை வெளியில் நாலு மரக் கப்பு நட்டு, பழைய தந்திக் கம்பியை இழுத்துக் கட்டினார். பக்கத்தில் ஓர் ஓலைக் கொட்டில். கொட்டிலைவிடப் பெரிய பலகையில் 'வன்னி வானாய்வு நிலையம்' என்று எழுதி மாட்டினார். பெயின்ற் காய முதலே இயக்கப் பெடியள் இரண்டு பேர் விசாரிக்க வந்துவிட்டார்கள்.

"ஐயா, இந்த வயராலை ஆரோடை கதைக்கிறனீங்கள்?"

"வியாழனோடை."

"அது ஆர் ஆள்? எங்கை இருக்கிறார்?"

"பின்னேரம் வரைக்கும் இருங்கோ, காட்டுறன். நான் கதைக்கிறேல்லை, கேக்கிறது மட்டும். கதைச்சாலும் அங்கை போய்ச்சேர முக்கால் மணித்தியாலம் செல்லும்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னேரம்வரை இருந்து, வெறுந்தேத்தண்ணி குடித்து, வியாழனையும் பார்த்துவிட்டு, "எதுக்கும் ஆமியின்ரை ஹெலிக்குத் தெரியாமல் கட்டுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்கு வழி சொன்னவர் முத்தம்மாக்கா. மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து, காடு வெட்டி வயலாக்கிய மனுசி. ஓர் உழவு மெசினும் வைத்திருந்தார். டீசல் இல்லாமல் அது வேலியோரம் தூங்கியது. "அதுக்கென்னங்க ஐயா, நம்ம துணியெல்லாம் இந்தக் கம்பியில காயட்டும். மேலருந்து பாத்தா கொடின்னு நெனச்சுக்குவான்" என்றார். அன்றிலிருந்து சேலையும் சாரமும் பள்ளிக்கூடச் சட்டையும் காய்கிற ஒரே வானாய்வு நிலையம் உலகத்தில் எங்களுடையதுதான். துணி கொண்டுவந்த பெண்கள், "ஐயா, வியாழனுக்கு இடைஞ்சலோ?" என்று உத்தரவு கேட்டே காயப்போட்டார்கள்.

மிச்சம் கரண்ட் பிரச்சினை. வன்னிக்குள் பற்றரி வர அரசாங்கத்தின் தடை. ஊரில் செய்தி கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோ றேடியோவைப் பேசவைக்கும். இருபது பேர் சுற்றியிருந்து கேட்போம். விதைப்பதா, மூட்டை கட்டுவதா என்பதை அந்தச் செய்தியை வைத்துத்தான் முடிவெடுத்தோம். வியாழத்தார் சைக்கிள் வளையத்தில் பீப்பாய்த் தகரத்தை இதழ் இதழாக வெட்டிப் பூட்டி, டைனமோக்களைச் சேர்த்து, ஒரு காற்றாடி செய்தார். சோழகக் காற்றுக்கு அது பேய் பிடித்ததுபோலச் சுற்றியது. அந்தக் கரண்டைச் சேமிக்க முத்தம்மாக்காவின் மெசின் பற்றரியை இரந்து வாங்கினார்.

வெள்ளோட்டத்துக்கு ஊர் முழுக்க வந்தது. வியாழத்தார் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு றேடியோவைத் திருகினார். கர்ர், புர்ர் என்று ஒரே இரைச்சல்.

"இதுதான் வியாழன்" என்றார்.

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. எங்கள் சங்கக்கடை மனேச்சர் மெல்ல முன்னுக்கு வந்தார். "எனக்கு இப்ப வியாழமாற்றம் சரியில்லை எண்டு சாத்திரி சொன்னவர். ஒருக்கா நேரிலை கேட்டுச் சொல்லுங்கோவன்."

அந்த நேரம் பார்த்து, கம்பியில் காய்ந்துகொண்டிருந்த மனேச்சரின் துவாய் பறந்துபோய்க் காற்றாடியில் சிக்கியது. சக்கரம் நின்றது. பற்றரி இருந்ததால் றேடியோ நிற்கவில்லை. அதன் வெளிச்சம் அப்படியே எரிந்தது. வியாழன் மட்டும் வாயை மூடிக்கொண்டது.

"ரேடியோ எரியுது, வியாழன் மட்டும் அடங்கிப்போச்சே ஐயா?" என்றார் முத்தம்மாக்கா.

வியாழத்தார் துவாயை உருவி எடுத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். வியாழன் இரைந்தது. நிறுத்தினார். ஓய்ந்தது. நாங்கள் கும்பிட்டது டைனமோவின் இரைச்சலை. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. வேறு யாராவது என்றால் அன்றைக்கே பலகையைக் கழற்றியிருப்பார்கள். இவர், "நல்லதாய்ப் போச்சு. எது வியாழன் இல்லை எண்டு தெரிஞ்சிட்டுது. இனிப் பகலிலை காற்றாடி சுத்தட்டும், பின்னேரம் அதைக் கட்டிப்போட்டிட்டுக் கேப்பம்" என்று ஒரு மாட்டுக்கயிறு தேடப் போனார்.

இங்கேதான் முத்தம்மாக்கா ஒரு சட்டம் போட்டார். "பற்றரி என்னோடதுங்க. மொதல்ல ஊருக்குச் செய்தி. மிஞ்சினா உங்க வியாழனுக்கு." மிஞ்சினால்தானே. செய்தி முடிந்ததும் அது உண்மையோ என்று பார்க்க இன்னொரு நிலையத்தைத் திருப்புவோம். அது பொய்யென்று பட்டால் மூன்றாவது. வியாழத்தார் கயிற்றைப் பிடித்தபடி காத்திருப்பார். அவர் முறை வரும்போது றேடியோ கண்ணை மூடிவிடும். "நான் பிடிச்ச காத்து, நீங்கள் கேக்கிற செய்தி" என்று ஏசிக்கொண்டு எழும்புவார். மறுநாள் விடிய சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு நிற்பார்.

சோழகம் அடங்கத் தொடங்கியது. சக்கரமும் சோம்பல்பட்டது. ஷெல் சத்தம் கிட்ட வந்தது. ஒருநாள் அவர் சங்கக்கடைக்கு வந்தார். கையில் போத்தல் இல்லை.

"தம்பி, காத்தும் முடியுது, வியாழனும் கீழை இறங்குது. இந்த இடத்தை விட்டு எழும்பினமெண்டால் கப்பு நட ஒரு வெட்டை கிடைக்குமோ தெரியாது. ஒருக்காக் கேட்டனெண்டால் காணும்."

அவர் அப்படித் தணிந்து கதைத்து நான் பார்த்ததில்லை. மனம் பொறுக்காமல் முத்தம்மாக்காவிடம் போய்ச் சொன்னேன்.

அன்று பின்னேரம் எல்லாரும் கூடியிருந்தபோது, "இன்னைக்குச் செய்தி வேணாம். ஐயா கேக்கட்டும்" என்றார் முத்தம்மாக்கா.

மனேச்சர் துள்ளி எழுந்தார். "என்ன கதை இது? ஆமி எங்கை நிக்கிறானெண்டு தெரியாமல் என்னெண்டு இருக்கிறது?"

"எங்க நிக்கிறான்னு நாளைக்கும் சொல்லுவாங்க. உக்காருங்க."

மனேச்சர் உட்கார்ந்தார். ஒருவரும் எழும்பிப் போகவில்லை. கம்பியில் கிடந்த துணிகளைப் பெண்கள் எடுத்தார்கள். வியாழத்தார் சக்கரத்தைக் கயிற்றால் கட்டினார். றேடியோவில் மெல்லிய சீறல் மட்டும். கனநேரம் அப்படியே இருந்தோம். பிறகு அந்தச் சீறல் பொங்கி எழுந்து தணிந்தது. மறுபடி எழுந்து தணிந்தது. நாங்கள் எல்லாரும் முதலில் திரும்பிப் பார்த்தது காற்றாடியைத்தான். அது அசையாமல் கிடந்தது.

"தகரத்துல நெல்லு கொட்டுற மாதிரி இருக்குதுங்க" என்றார் முத்தம்மாக்கா.

ரயிலுக்குப் பச்சைக்கொடி காட்டுகிறவரைப்போல வியாழத்தாருடைய வலக்கை தானாக உயர்ந்து நின்றது. பற்றரி தீர்ந்த பிறகும் அந்தக் கை இறங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

விடிய றோட்டில் ஒரே சனம். "இன்னும் நிக்கிறியளோ? நேத்துச் செய்தி கேக்கேல்லையோ?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்து ஊர் போய்க்கொண்டிருந்தது. அள்ளியதைக் கட்டிக்கொண்டு ஓடினோம். அந்த ஊரைவிட்டுக் கடைசியாக வெளிக்கிட்டவர்கள் நாங்கள்தான். மனேச்சர் வழி முழுக்க வியாழத்தாரைத் திட்டிக்கொண்டு வந்தார். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கரியரில் பற்றரி, முதுகில் காற்றாடி. கம்பியையும் பலகையையும் விட்டுவிட்டு வந்திருந்தார்.

போய்ச் சேர்ந்த காட்டில் எல்லாரும் தறப்பாள் கட்டினார்கள். அவர் தனக்குக் கட்டாமல் காற்றாடியை மரத்தில் பூட்டினார். காற்று இல்லை. மழைத் தூறலில் நின்று கையால் சுற்றி அன்றையச் செய்தியைக் கேட்கவைத்தார். பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அப்படித்தான். மனேச்சரின் வாயும் அடங்கியது.

வாடைக்காற்று எழும்பியபின் ஒருநாள் செய்தி முடிந்தும் பற்றரியில் கரண்ட் மிச்சம் கிடந்தது. முத்தம்மாக்கா, "மிஞ்சியிருக்குங்க ஐயா. உங்க வியாழனக் கேளுங்க" என்றார்.

"வேண்டாம், தங்கச்சி. நாளைக்குக் காலமைச் செய்திக்கு வைச்சிருப்பம். வியாழன் எங்கை போகப்போகுது? எங்களைத்தான் நாளைக்கு எங்கையெண்டு தெரியாது" என்று அவர் றேடியோவை நிற்பாட்டினார்.

பிறகு நான் வவுனியாவுக்கு வந்துவிட்டேன். வியாழன் எங்கே என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் வானத்தில் விரலால் காட்டிவிடுவேன். வியாழத்தார் எங்கே என்று கேட்டால்தான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.