சுருட்டைக்குத் தினம் பத்து மாத்திரை

சீப்பில் அன்று காலை மட்டும் பதினேழு முடி. சலூன்காரர் இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டார். எல்லோரும் அவரைக் கூப்பிடுவதே சுருட்டை என்றுதான். அந்தப் பெயருக்கான ஆதாரம் நாளுக்கு நாள் உதிர்ந்துகொண்டிருந்தது. வாடிக்கையாளர்களும் ஒவ்வொருவராக எதிர்க் கடைக்கு நழுவினார்கள். சொட்டைத் தலையனிடம் எவன் தலையைக் கொடுப்பான் என்று அவரே காரணத்தையும் கண்டுபிடித்துக்கொண்டார்.

முடிக்கு நல்லது என்று யாரோ சொல்ல, வைட்டமின் ஏ எண்ணெய் மாத்திரை வாங்கினார். தினம் ஒன்று என்று டப்பாவில் போட்டிருந்தது. ஒன்றுக்கே பலன் என்றால் நான்குக்கு எவ்வளவு என்று நான்காக விழுங்கினார். முடி இன்னும் கொட்டியது. ஆறாக்கினார். உதடு வெடித்தது, மண்டை விண்விண் என்று தெறித்தது. ஒரு மாப்பிள்ளைப் பையனுக்குக் கிருதா ஒரு பக்கம் காதோடு நின்றது, மறுபக்கம் தாடை வரை இறங்கியது. அவனும் எதிர்க் கடைக்குப் போனான்.

"காபியில என்ன எண்ணெய் மிதக்குது?" என்று மனைவியிடம் கேட்டார்.

"பால் கெட்டியா இருந்தா அப்படித்தாங்க," என்றாள் அவள், முகத்தைப் பார்க்காமல்.

வாந்தியும் தொடங்கியதும் அவளும், கடையில் இரண்டாவது நாற்காலியைக் கவனிக்கும் மச்சானுமாக அவரை டாக்டரிடம் இழுத்துப் போனார்கள். எத்தனை மாத்திரை என்று டாக்டர் கேட்க, ஆறு என்றார். மனைவி கண்ணைக் கசக்கினாள். புருஷன் படும் கவலை பொறுக்காமல் தினம் இரண்டு மாத்திரையைக் குத்திக் காபியில் பிழிந்தது அவள்தான். மச்சானும் மெல்லத் தலையைச் சொறிந்துகொண்டே, ஜூஸில் தான் கலந்த இரண்டை ஒப்புக்கொண்டான். ஆகமொத்தம் பத்து.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இது மிஞ்சினா லேசுல வெளிய போகாது, ஈரல்ல போய்ச் சேரும். ஈரலையே கெடுத்துடும். முடி இவ்வளவு வேகமாக் கொட்டுறதும் அதனாலதான். இன்னியோட நிறுத்துங்க."

சுருட்டைக்கு அழுகையே வந்துவிட்டது. மிச்சமிருந்த முடியையும் அன்று மாலையே மச்சானை விட்டு மழித்துக்கொண்டார். இனி கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டார்.

வாரம் முடிவதற்குள் பெஞ்சில் இடமில்லை. போனவர்கள் அத்தனை பேரும் திரும்பி வந்திருந்தார்கள். சந்தோஷம் ஒரு பக்கம், குழப்பம் ஒரு பக்கம். தபால்காரரின் கழுத்தில் துணியைக் கட்டும்போது கேட்டேவிட்டார்.

"என் மொட்டையப் பாத்துப் பாவப்பட்டு வர்றீங்களா?"

"உங்க தலைய யாருங்க பாத்தா?" என்றார் தபால்காரர். "இவ்வளவு நாளா எங்க தலையில கத்திரிய வச்சுக்கிட்டு, கண்ணாடியில உங்க தலையத்தானே பாத்துட்டிருந்தீங்க!"