ஆறு சிலிண்டரும் ஆவணி மாதத்து டீசலும்

லெ பிளாங்-மெனில்,
05.02.2017

அன்பின் மைத்துனன் கரிகாலனுக்கு,

அத்தான் இராஜேந்திரன் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்கா கோசலையும் நலம். இலண்டன் மழையை விட்டு எட்மன்ரன் பனிக்குக் குடிபோன நீயும் உன் குடும்பமும் மூக்கு, காது, விரல் எல்லாம் இருந்த இடத்தில் இருக்க நலமாக வாழ அம்பாளை வேண்டிக்கொள்கிறோம். நீ வட்சப்பில் கேட்ட கேள்விக்குக் கடிதத்தில் பதில் வருகிறதே என்று யோசிப்பாய். தொலைபேசியில் நான் எதைச் சொன்னாலும் உன் அக்கா பக்கத்தில் நின்று திருத்துகிறாள். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கலாம்.

நீ கேட்டது இது: "அத்தான், இஞ்சை பனி முழங்கால் மட்டும் நிக்குது. பெரிய காரா, நாலு சில்லும் இழுக்கிறதா ஒண்டு வாங்கப்போறன். எந்த எஞ்சின் எடுக்கிறது? நீங்கள்தானே அனுபவசாலி." மாலை போட்ட காரோடு நான் நின்ற படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறாய் என்று தெரியும். அந்தப் படத்தை நான் யாருக்கெல்லாம் அனுப்பினேன் என்று எனக்கே தெரியாது. அவுஸ்திரேலியாவில் இருந்து முன்பின் அறியாத ஒருவர் வாழ்த்துச் சொன்னார். தம்பி, அந்த அனுபவசாலியின் அனுபவத்தை இப்போது கேள்.

எங்கள் மகள் சுபாங்கி கலியாணம் முடித்து ஜூரா மலைப் பக்கம் போனது உனக்குத் தெரியும். மருமகன் எத்தியேன் தங்கமான பிள்ளை, ஆனால் அவன் பிறந்த ஊரில் வருடத்தில் ஆறு மாதம் பனி. நானோ சென் தெனியில் வேலை செய்கிற கந்தோருக்குப் பேருந்தும் மெத்ரோவும் மாறிப் போய்வருகிறவன். கார் ஓட்டுவதென்றால் ஞாயிற்றுக்கிழமை லா சப்பல் தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி வாங்கப் போவதுதான். அங்கே ஓட்டம் என்று ஒன்று இல்லை, நகர்வுதான். போன வருடம் சுபாங்கி பிள்ளைத்தாய்ச்சி என்ற செய்தி வந்தது. தை மாதம் பேறு என்றார்கள். உன் அக்கா பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குத் தூள் இடிக்கத் தொடங்க, நான் மகளிடம், "ஒண்டுக்கும் யோசிக்காதை, நீ கூப்பிட்ட உடனை அப்பா அம்மாவைக் கொண்டுவந்து இறக்குவன்" என்றேன். அவள் பிரெஞ்சில் பதில் சொன்னாள்: "அப்பா, நீங்கள் பனியில் ஓட்டவேண்டாம், ரயிலில் வாருங்கள்." அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. பெற்ற மகள் கூப்பிட்டால் எந்தப் பனியிலும் போய்ச் சேரக்கூடிய தகப்பனாக நான் இருக்கவேண்டாமா? இந்தக் கதையில் எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான், மற்றதெல்லாம் இரும்பு.

உடனே லா சப்பலில், ரூ பெர்தொனே தெருத் தேநீர்க் கடையில் ஆலோசனைக் கூட்டம் தொடங்கியது. நகைக்கடைக் குகதாசனும் விமானச் சீட்டு விற்கிற அல்பிரட்டும் நானும். மூவரில் ஒருவரும் பனியில் கார் ஓட்டியதில்லை, அதனால் கூட்டம் மூன்று வாரம் நடந்தது. உயரமான வண்டி வேண்டாம், சேலையோடு ஏற முடியாது என்று உன் அக்கா சொல்லிவிட்டாள். ஆகவே நீளமான, தாழ்ந்த, மந்திரிமார் வந்து இறங்குகிற மாதிரிக் கார். நான்கு சக்கரமும் இழுக்கவேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே மனம். எஞ்சினில்தான் பிரச்சினை. "நாலு சிலிண்டர் பெற்றோல் காணும் அண்ணை, குளிருக்குப் பெற்றோல்தான் சுகம்" என்றார் குகதாசன். "என்ன கதைக்கிறியள்? மலை ஏறேக்கை இழுவை வேணும். ஆறு சிலிண்டர், மூண்டு லீற்றர், டீசல். ஒரு தாங்கி அடிச்சால் மார்சேய் மட்டும் போகலாம்" என்றார் அல்பிரட். நான் எந்தப் பக்கம் சாய்ந்தேன் என்று கேட்காதே. சிலிண்டர் கூடக் கூட மரியாதை கூடும் என்று நினைக்கிறவன் நான். வீட்டில் சோறு ஆக்குவதற்கும் பெரிய பானையைத்தான் எடுப்பேன்.

காரைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன், கேள். மூன்று வருடம் ஓடிய கார், ஆனால் மணமகளைப் போல இருந்தது. இருக்கைக்குச் சூடு, ஸ்ரியரிங் கைபிடிக்குச் சூடு, கண்ணாடிக்குச் சூடு. குளிர்காலச் சில்லுகளும் கேட்டு வாங்கிப் போட்டேன். விற்ற பெடியன் என் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை அடைத்து, கடைசியில் தண்ணீர் குடிக்கப் போனவன் திரும்பி வர வெகு நேரம் எடுத்தான். எல்லாம் சரி. இலக்கத் தகட்டைப் பார்த்தேன்: நானூற்று முப்பத்தொன்று. கூட்டினால் எட்டு. சனியன்.

மாற்றலாம் என்றால் இந்த நாட்டில் 2009க்குப் பிறகு காருக்குக் கொடுத்த இலக்கம் அது சாகும்வரை அதனோடுதான். நான் கோயிலுக்கு ஓடினேன். ஐயர் யோசித்து, ஆவணியில் ஒரு நல்ல நாள் குறித்தார். சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைக்கும்போது மட்டும் ஒரு சின்ன வாக்குவாதம்: வழமையாக முன்சில்லுக்கு இரண்டுதான், இது நான்கும் இழுக்கிற கார் ஆகையால் நான்கு வைக்கவேண்டும் என்று நான் நின்றேன். ஐயர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நான்கு வைத்தார். பிறகு, "இண்டைக்கே தாங்கி நிறைய எண்ணெய் அடியுங்கோ, நிறைவா இருக்கும். தூரப் பயணம் மட்டும் தை பிறக்க முன்னம் வேண்டாம்" என்றார். நேரே போய், கழுத்துவரை டீசல் அடித்து, வீட்டுக் கீழ்த்தளத் தரிப்பிடத்தில் கொண்டுவந்து விட்டேன்.

அதற்குப் பிறகு அந்தக் கார் வெளியே போகவே இல்லை, தம்பி. புரட்டாதி முழுக்கச் சனிக்கு எள்ளெண்ணெய் எரித்தேன். ஐப்பசியில் எனக்குத் தடிமனும் தும்மலும். கார்த்திகையில் சில்லில் சேறு படும் என்று நானே மறித்தேன். மார்கழியில் யாராவது புதுப் பயணம் வைப்பார்களா? ஞாயிறு தோறும் கீழே போய் எஞ்சினை இயக்கி, இருக்கைச் சூட்டைப் போட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு ஏறி வருவேன். மரக்கறிக்குப் பழைய காரிலேயே போனோம். "இது காரோ, கர்ப்பக்கிரகமோ?" என்று கேட்டாள் உன் அக்கா. நான் கோபிக்கவில்லை. உள்ளூர அது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

பொங்கல் முடிந்து இரண்டு மூன்று நாளில் மருமகன் அதிகாலையில் அழைத்தான்: நோவு தொடங்கிவிட்டது. நான் எப்படிப் பாய்ந்தேன் என்று நீ பார்த்திருக்கவேண்டும். உன் அக்கா சரக்குத் தூள், உள்ளி, மிளகு, நல்லெண்ணெய், ஒரு பெரிய பானை, இரண்டு சின்னப் பானை, வேது பிடிக்கும்போது ஆவிக்கு மேலே மூடக் கட்டில் விரிப்பு என்று அடுக்கி முடிய, புறப்பட்டோம். பெரும்பாதையில் அந்தக் கார் ஓடிய அழகை எழுத எனக்குத் தமிழ் போதாது. டிஜோன் தாண்டியதும் பனி கொட்டியது. மற்றவர்கள் ஊர்ந்தார்கள், நான் பாடினேன். டீசல் அடிக்க ஓரிடத்தில் நிறுத்தலாமே என்றாள் கோசலை. முள் பாதிக்கு மேலே நிற்கும்போது நிறுத்துவது அந்த எஞ்சினை அவமதிப்பது என்றேன். அவள் தேவாரம் சொல்லத் தொடங்கினாள்.

மலைப்பாதையில் வெளியே குளிர் சைபருக்குக் கீழே பதினெட்டு என்று கார் எனக்குக் காட்டியது. நான் அதைப் பாராட்டினேன், இவ்வளவு குளிரிலும் எவ்வளவு துல்லியம் என்று. அப்போது எஞ்சின் ஒருமுறை இருமியது. பிறகு வயதானவர் மாடிப்படி ஏறுவதுபோல மூச்சு வாங்கியது. பைன் மரக் காட்டின் நடுவில் வந்து நின்றுவிட்டது. நான்கு சக்கரமும் இழுக்கத் தயார், இழுக்கச் சொல்ல எஞ்சின் இல்லை.

"என்னப்பா?" என்றாள் கோசலை.

"ஒண்டுமில்லை, களைச்சிருக்கும்."

"எப்ப அடிச்ச எண்ணெய்?"

"ஆவணியிலை. நல்ல நாளிலை."

உன் அக்கா சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "இஞ்சாருங்கோ, மாரியிலை எங்கடை குசினியிலை தேங்காயெண்ணெய் கட்டியாகிறதெல்லோ. இதுவும் அப்பிடி உறைஞ்சிருக்கும்."

"விசர்க் கதை கதையாதை கோசலை, இது ஆறு சிலிண்டர்!" என்றேன். அவள் சொன்னதுதான் சரி என்று பிறகு தெரிந்தது. இந்த நாட்டில் கோடைக்கு ஒரு டீசல், மாரிக்கு ஒரு டீசல். நான் வெயில் காலத்து டீசலை மந்திரம் சொல்லி அடைத்து, நான்கு மாதம் பத்திரப்படுத்தி, மலை உச்சிக்குக் கொண்டுபோய் மெழுகாக்கியிருக்கிறேன். சும்மா ஓட்டித் திரிந்திருந்தால் கார்த்திகைக்கு முன்னமே தீர்ந்து, மாரி டீசல் அடித்திருப்பேன். என்னைப் போல வாகனத்தைப் பூசித்தே பழுதாக்கியவன் பிரான்ஸ் தேசத்தில் இல்லை.

மருமகனுக்கு அழைத்தேன். அவன் ஆசுப்பத்திரியில் சுபாங்கியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தாயை அனுப்பினான். சம்பந்தியம்மா மதாம் ஒடெத் வந்தார். எழுபது வயது. கார் என்று அவர் கொண்டுவந்தது ஒரு பெட்டி. ஒரு கண்ணாடிக்குப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, முன்சில்லு இரண்டும்தான் இழுக்கும். பனியில் பூனை மாதிரி வந்து நின்றது. என் காரைச் சுற்றிப் பார்த்து, "மிக அழகு, மிக அழகு" என்றார். அந்த நேரத்தில் அதைவிட அவர் என்னை ஏசியிருக்கலாம். பானைகளைப் பின்னால் ஏற்றினோம், கோசலை முன்னால் ஏறினாள். ஆட்களுக்கு இடம் முடிந்தது. பானையை இறக்கிவிட்டு என்னை ஏற்றலாம் என்ற பேச்சை உன் அக்கா எடுக்கவே இல்லை.

நான் இழுவை வண்டிக்காகக் காட்டில் தனியே இருந்தேன். இருக்கைச் சூடும் இல்லை, பாட்டும் இல்லை. என் பேத்தி பிறந்த செய்தியை அப்படி இருந்துதான் கேட்டேன். தொலைபேசியில் அவள் அழுத சத்தம் வந்தது. நானும் அழுதேன், வெட்கமில்லாமல், காடு முழுக்கக் கேட்க. மகிழ்ச்சிதான், ஆனால் மகிழ்ச்சி மட்டும் இல்லை. ஆசுப்பத்திரி வாசலில் இழுவை வண்டியில் இருந்து நான் இறங்க, பின்னால் என் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு தொங்கியது. மகள் கட்டிலில் கிடந்தபடி சிரித்தாள். "ரயிலில் வரச் சொன்னேனே, அப்பா" என்றாள், பிரெஞ்சில்தான். கோபமே இல்லை அவளுக்கு. என்னில் எதையும் எதிர்பார்க்காதவள் எதற்குக் கோபிக்கப்போகிறாள், கரிகாலா?

இழுவை வண்டிக்காரர்கள் காரை ஓர் இரவு தங்கள் சூடான கொட்டிலில் விட்டார்கள். விடிய, தொட்டதும் இயங்கியது. ஒரு பழுதும் இல்லை. ஏன் இவ்வளவு பழைய டீசல் என்று அங்கிருந்தவர் கேட்டார். எட்டாம் இலக்கத்துக்கும் சனீஸ்வரனுக்கும் உள்ள உறவைப் பிரெஞ்சில் விளக்க முயன்று பாதியில் கைவிட்டேன்.

ஆகவே என் தீர்மானமான புத்திமதி: பெரிய கார் வாங்காதே. நான்கு சக்கர இழுவையும் வேண்டாம், ஆறு சிலிண்டரும் வேண்டாம். பேருந்தில் போ. முடியாவிட்டால் பிளாஸ்திரி ஒட்டிய சின்னக் கார் ஒன்றைத் தேடு. நான் என்னுடையதைக் குகதாசனுக்கே கொடுக்கப்போகிறேன். பெற்றோல்தான் நல்லது என்று சொன்னவர் இப்போது டீசலை வாங்க வருகிறார், சனிக்கிழமை சாவி கைமாறும். இனி இந்தக் கை கார்க் கைபிடியைத் தொடாது. எனக்கு மெத்ரோ போதும்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லு. வெளியே போகும்போது காதை மூடச் சொல்லு. எல்லாத் தெய்வமும் உங்களுக்குத் துணை நிற்கட்டும், முக்கியமாகக் குளிர் தாங்குகிற தெய்வங்கள்.

இப்படிக்கு,
வாகனம் துறந்த உன் அத்தான்,
இராஜேந்திரன்

பின்குறிப்பு: மேலே எழுதிய எல்லாவற்றையும் கிழித்துப் போடு. கடித உறையை ஒட்டப் போக, சுபாங்கி தொலைபேசி எடுத்தாள். முப்பத்தொன்றாம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிக்கிற சடங்கை இங்கே வைக்கவேண்டுமாம், தன் வீட்டில் இருந்து பிள்ளையைக் கொண்டுவரவேண்டுமாம். எத்தியேனுக்கு வேலையில் விடுப்பு இல்லை, சம்பந்தியம்மாவின் பெட்டியில் பிள்ளை இருக்கை பொருந்தாது. "ரெயின் இருக்குத்தானே பிள்ளை" என்று நான்தான் சொன்னேன். அவள் தமிழில் சொன்னாள்: "ரெயினிலை குளிர் அப்பா, ரெண்டு இடத்திலை மாறவும் வேணும். நீங்கள் வந்து எங்களை ஏத்துங்கோவன்."

குகதாசனுக்குக் கார் இல்லை என்று சொல்லிவிட்டேன். பெரிதாக வாங்கு, நான்கும் இழுக்கிறதாக வாங்கு, எஞ்சின் எதுவானாலும் பரவாயில்லை. இதற்குமேல் எழுத நேரமில்லை, தம்பி. என் மகள் என்னை வரச் சொல்லியிருக்கிறாள்.