குதிரைக்குக் குரல் கொடுத்தவர்

அடுத்த தெரு லட்சுமணன் தன் வீட்டுக் கலர் டிவியைக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றதைப் பார்த்ததும் அந்தோணிராஜ் கதவைச் சாத்திவிடலாமா என்று யோசித்தார்.

"உங்க டிவி ரிப்பேருன்னு தங்கச்சி சொல்லிச்சு. அதான் நம்ம பெட்டியையே தூக்கியாந்துட்டேன். நீங்க பேசின படத்தை நீங்களே பாக்காம போனா எப்படிண்ணே?"

டிவி தானாகப் பழுதாகவில்லை. முந்தின நாள் மனைவி செலின் மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது அந்தோணிராஜே பின்பக்க மூடியைக் கழற்றி, கைக்கு அகப்பட்ட ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி மூடிவைத்திருந்தார். கறுப்பு வெள்ளைப் பெட்டி போய்க் கலர்ப் பெட்டி வந்ததுதான் மிச்சம்.

"உள்ள வாங்கண்ணே, ஸ்டூல் போட்டு வெச்சிருக்கேன்" என்றாள் செலின். அவள் முகத்தில் அப்படியொரு பெருமை. அதைப் பார்க்கத்தான் அவருக்கு முடியவில்லை.

அந்தோணிராஜ் ஆவடித் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறவர். நாளெல்லாம் கூரைக்குக் கீழே ஒரு கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து, கீழே நிற்பவன் காட்டுகிற கைஜாடைக்கு இரும்பைத் தூக்கி இறக்குகிற வேலை. பேச்சுக்கு அங்கே இடமில்லை. அந்தக் குறையை மாதா கோயில் திருவிழாவில் தீர்த்துக்கொள்வார். "பச்சைச் சட்டை அணிந்த குழந்தை ஒன்று பந்தலுக்கு அருகில் அழுதுகொண்டிருக்கிறது" என்று அவர் மைக்கில் அறிவித்தால் அண்ணனூர் ஸ்டேஷனில் நிற்பவன்கூடத் தன் குழந்தை கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வான். அப்படி ஒரு குரல்.

அந்தக் குரல்தான் அவரை வம்பில் மாட்டிவிட்டது. சின்ன வயதில் ஒரே தெருவில் வளர்ந்த சுலைமான் இப்போது வடபழனியில் ஒரு டப்பிங் தியேட்டரில் உதவியாளனாக இருந்தான். வெளிநாட்டுப் பொம்மைப் படத் தொடர் ஒன்றைத் தமிழில் பேசவைக்கிறார்கள், ராஜாவுக்குப் புதுக் குரல் தேடுகிறார்கள் என்று சொல்லி அவரைக் கையோடு அழைத்துப் போனான்.

ஏழு மலை நாட்டின் இளம் ராஜா. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிறகு முளைத்த புலிகளோடு எதிரிப் படை. விடிந்தால் போர். அந்தப் பகுதியில் முக்கால்வாசியும் ராஜா கூடாரத்துக்குள் பயந்துகொண்டிருப்பதுதான் கதை.

கண்ணாடி அறைக் கதவைச் சாத்தினார்கள். காதில் ஹெட்போனை மாட்டினார்கள். தன் மூச்சே பக்கத்தில் வேறு யாரோ விடுவதுபோலக் கேட்டது அந்தோணிராஜுக்கு. திருவிழா மைக்கில் ஊரே கேட்கும்போது வராத நடுக்கம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒற்றை இன்ஜினியரைப் பார்த்ததும் வந்தது. முழங்கால் ஆடியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ரிகர்சல், மறுபடி ரிகர்சல், மறுபடியும் ரிகர்சல். டேப் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

கடைசியில் இன்ஜினியர், "போதும் சார்" என்றார். வந்தவரைச் சும்மா அனுப்ப மனமில்லையோ என்னவோ, "ராஜாவோட குதிரை கனைக்கிற மாதிரி ஒரு சத்தம் குடுத்துட்டுப் போங்க" என்றும் சொன்னார்.

கனைத்தார். அது மட்டும் முதல் தடவையிலேயே அருமையாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் செலின் கேட்டாள், "ராஜாவாப் பேசிட்டீங்களா?" அவர் தலையை ஆட்டினார். எந்தப் பக்கமாக ஆட்டினார் என்பது அவருக்கே தெரியாது. மறுநாள் செய்தி பூந்தமல்லிக்குப் போய்விட்டது.

பூந்தமல்லியில் இருந்தவர் அவருடைய மாமனார் வேதமுத்து. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மருமகனின் உத்தியோகத்தை, "மேல உக்காந்து கைப்பிடியைத் திருப்புற வேலை" என்றுதான் எல்லோரிடமும் சொல்வார். வந்தால் பேப்பர் படிப்பார், சாப்பிடுவார், போய்விடுவார். மருமகனோடு முழுசாக ஒரு வாக்கியம் பேசினார் என்று யாரும் சொல்ல முடியாது. அவரே இன்றைக்கு பஸ் பிடித்து வருகிறார்.

டப்பிங் தியேட்டருக்குப் போய்வந்த நாளிலிருந்து அந்தோணிராஜை ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. தனக்குப் பதிலாக ராஜாவாகப் பேசினவன் யார்? கூண்டுக்குள் உட்கார்ந்து அதையே யோசிப்பார். நடிகனா, நாடகக்காரனா, அவனுக்குக் கால் நடுங்கவில்லையா? சுலைமானைக் கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் அவன் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, அவன் பக்கமே போகாமல் இருந்தார்.

"என்னங்க, சொல்ல மறந்துட்டேன்" என்றாள் செலின். "சுலைமான் அண்ணனையும் வரச்சொல்லி பூத்துலேர்ந்து போன் பண்ணிட்டேன். அவராலதானே எல்லாம். மத்தியானம் பிரியாணி."

அந்தோணிராஜ் மெதுவாகப் பின்பக்கம் போனார். மீட்டர் பெட்டியிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினார். அரிசி டப்பாவுக்குள் புதைத்தார். ஒன்றும் தெரியாதவர் போலத் திரும்பி வந்து, "அடடா, கரண்ட் போயிடுச்சே" என்றார்.

லட்சுமணன் எட்டிப் பார்த்தான். எதிர் வீட்டில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவன் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன் என்பது அந்தோணிராஜுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"நம்ம ஊட்டு ஃபியூஸ் மட்டும்தாண்ணே போயிருக்கு. அதுக்கா கவலைப்படறீங்க?"

எதிர் வீட்டு நாகம்மா வீட்டிலிருந்து ஒரு ஒயர் ரோட்டைத் தாண்டி வந்தது. ஒயரின் பின்னாலேயே நாகம்மா வந்தாள். அவள் பின்னால் அவள் வீட்டார் அத்தனை பேரும் வந்தார்கள். பாயில் இடம் போதாமல் ஜன்னலிலும் ஆள் நின்றது.

நாகம்மாவுக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராது. "ஏண்ணே, அந்தப் பொம்ம வாயைத் தொறக்கறப்ப நீங்களும் வாயைத் தொறக்கணுமா? இருமல் வந்தா இன்னா பண்ணுவீங்க? ராஜா அழுதா நீங்களும் அழுவணுமா?"

அதற்குள் வேதமுத்து வந்துவிட்டார். இருந்த ஒரே நாற்காலியில் அவரை உட்காரவைத்தார்கள்.

அந்தோணிராஜ் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். "மாமா, இவங்க பெரிசா சொல்றாங்க. நான் பண்ணது ஒண்ணும் பெரிய வேஷம் இல்ல. ரொம்பச் சின்னது."

வேதமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மருமகனை நிமிர்ந்து பார்த்தார்.

"செய்ததைச் சின்னதுன்னு சொல்ற மனசு எல்லாருக்கும் வராது மாப்ளே. உக்காருங்க."

நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் வந்தது. அந்தோணிராஜ் அதில் உட்கார்ந்தார். விடிந்தால் போர் என்று இருக்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

படம் ஆரம்பித்தது. மலைகள், ஆறு, அந்தக் கரையில் சிறகடிக்கும் புலிகள். கூடாரத்துக்குள் இளம் ராஜா மார்புக் கவசத்தின் வாரை இழுத்துக் கட்டப் பார்க்கிறான். விரல் நழுவுகிறது. மறுபடி கட்டப் பார்க்கிறான். கடைசியில் கவசத்தைக் கீழே போட்டுவிட்டுத் தன் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான்.

"நாளை... நாளைக் காலை என் கை... என் கை வாளைத் தூக்க மறுத்துவிட்டால்? எல்லோரும் என்னையே பார்ப்பார்களே. நான்... நான் என்ன செய்வேன்?"

ஒவ்வொரு சொல்லும் தொண்டையில் முட்டி, முட்டி, வேறு வழியில்லாமல் வெளியே வந்தது. லட்சுமணன் கடலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

அந்தோணிராஜுக்கும் மயிர் சிலிர்த்தது. யார்ரா இவன்? அன்றைக்குத் தன்னால் பேச முடியாமல் போன அதே வரி. இவன் நடிக்கிறான் என்றே சொல்ல முடியவில்லை. மெல்லிய, பிசிறடிக்கிற குரல். முகம் தெரியாத அந்த ஆள்மேல் அவருக்குப் பொறாமைகூட வரவில்லை. பார்த்தால் நாலு வார்த்தை பேச வேண்டும் போலிருந்தது.

"அண்ணே" என்றாள் நாகம்மா. "இது உங்க குரல் மாதிரியே இல்லியே. உங்களுது கணீர்னு இல்ல இருக்கும்?"

"ஆமாண்ணே, எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு" என்றான் லட்சுமணன்.

வேதமுத்து திரும்பி மருமகனைப் பார்த்தார். அந்தோணிராஜ் தரையைப் பார்த்தார்.

அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்ற செலின்தான் பேசினாள். "இது இவர்தான். எனக்குத் தெரியாதா?" அவள் கண் கலங்கியிருந்தது.

ஊரே சந்தேகப்பட்டாலும் அவள் தன்னை விட்டுக்கொடுக்கவில்லை. அதுதான் அந்தோணிராஜுக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். விளம்பரம் வந்ததும் எழுந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்தார்.

"அது நான் இல்ல" என்றார். "யாரோ வேற ஆளு. எனக்கு வரல. கை கால் எல்லாம் நடுங்கிப் போச்சு. வெளியே அனுப்பிட்டாங்க. செலின் கேட்டப்போ உள்ளதைச் சொல்லத் தைரியம் இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "நான் குதிரை."

பாயில் இருந்தவர்கள் டிவியை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"குதிரைன்னா?" என்றார் வேதமுத்து.

"ராஜா கட்டிப்பிடிச்சாரே, அந்தக் குதிரை. கனைக்கறது நான்தான் மாமா."

செலின் விறுவிறுவென்று உள்ளே போனாள். பாத்திரம் ஒன்று சத்தமாக இறங்கியது. அந்தோணிராஜ் டிவிப் பக்கத்திலேயே நின்றார். வேதமுத்து எழுந்து பூந்தமல்லிக்குக் கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தார். ஆனால் அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சத்தத்தைக் கூட்டி வைங்க மாப்ளே. குதிரை மறுபடி எப்ப வரும்?"

அதற்குப் பிறகு ராஜாவை யாரும் பார்க்கவில்லை. ராஜா பொழுது விடிந்ததும் ஒரு பாறைமேல் ஏறி நின்று, "வீரர்களே, அஞ்சாதீர்கள்" என்று முழங்கினான்.

"இப்ப பேசறது உங்க குரல் மாதிரி கீதுண்ணே" என்றாள் நாகம்மா.

"இதுவும் நான் இல்லம்மா."

ராஜா குதிரைமேல் தாவினான். குதிரை முன்னங்கால்களைத் தூக்கிக் கனைத்தது. ஜன்னலில் நின்றவர்கள் கைதட்டினார்கள். லட்சுமணன் விசிலடித்தான். புலிகள் சிறகை மடக்கிக்கொண்டு ஓடிய காட்சியை அந்தச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை.

"எங்க, ஒரு தரம் இங்க செஞ்சு காட்டுங்க" என்றார் வேதமுத்து.

அந்தோணிராஜ் மூச்சை இழுத்துக் கனைத்தார். தெருவில் நாய்கள் குரைத்தன.

"அச்சு அசல் அதே கனைப்பு" என்றாள் நாகம்மா. "ரெண்டுக்கும் ஒரு வித்தியாசம் கெடையாது. இத்தயே மொதல்ல சொல்லியிருந்தா இன்னா?"

வேதமுத்து வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மருமகனின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். "நான் பள்ளிக்கூடத்துல எத்தனை பொய்யைப் பிடிச்சிருக்கேன். யாரும் கேட்காம, நிறைஞ்ச சபையில தானா எழுந்து நின்னு ஒப்புக்கிட்ட ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன். ராஜாவாவது பயந்தான். குதிரை பயப்படல."

செலின் தண்ணீர்ச் செம்போடு வந்தாள். கணவர்மேல் கோபம் போகவில்லை என்று காட்டுவதற்காக அதை ஸ்டூலில் அழுத்தி வைத்தாள். ஆனால் வைத்துவிட்டு அவர் தோளருகிலேயே நின்றாள். அந்தோணிராஜுக்கு உடம்பே லேசாகிவிட்டது போலிருந்தது. ஜன்னலில் நின்ற பிள்ளைகள் இன்னொரு தரம் கேட்டார்கள். இன்னொரு தரம் கனைத்தார்.

அந்தக் கனைப்பு ஓயும்போதுதான் சுலைமான் கிரீஸ் கையோடு வாசலில் வந்து நின்றான். "வானகரத்தாண்ட வண்டி பஞ்சரு. படம் முடிஞ்சிடுச்சா?"

"வாங்க பாய்" என்றான் லட்சுமணன். "உங்க குதிரையைத்தான் எல்லாரும் பாராட்டிக்கினு இருக்கோம்."

"என் குதிரையா?" சுலைமான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான்.

அந்தோணிராஜ் எழுந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். இனி மறைக்க ஒன்றும் இல்லை. இத்தனை நாள் கேட்க வெட்கப்பட்டதைச் சத்தமாகவே கேட்டார். "எல்லாத்தையும் சொல்லிட்டேன்டா. குதிரைதான் நான்னு இவங்களுக்குத் தெரியும். அந்தப் பயந்த ராஜா யாருடா? இன்னாமாப் பேசறான். அவனை நான் ஒரு தரம் பாக்கணும்."

சுலைமான் கையிலிருந்த கிரீஸைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"இன்னா அண்ணாத்தே, தமாஷ் பண்றியா? குதிர டேப்போடவே வந்த வெளிநாட்டுக் குதிர, பாற மேல நின்னு வீரமாப் பேசறது எங்க தியேட்டரு ரெகுலர் ஆளு, நீ கண்ணாடி ரூம்புல ரிகர்சல்ல நடுங்கிகினே பேசினியே, டேப்புல பதிஞ்ச அந்தப் பயந்த ராஜா மட்டுந்தான் நீ."