‘மாமா’, ‘மாமா அல்லாதவை’

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலம் என்பது காலை ஏழு மணிக்கே தெரிந்துவிட்டது. போனில் ரோஜா வந்தது. மேலே பனித்துளி, கீழே ‘இனிய காலை வணக்கம்’. அத்தைக்கு என் அன்பைச் சொல்லவும்.

இதைப் போனில் அனுப்பாமல் தாளில் எழுதுகிறேன். தாளில் ‘அனைத்தையும் அழி’ என்ற பொத்தான் இல்லை.

வெள்ளிக்கிழமை ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டேன். நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். திங்கட்கிழமை போனில் அழுதுகொண்டே பேசியதால் உங்களுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். முழுவதையும் சொல்கிறேன்.

நூலகத்துக்குத் திரும்பி வரும் புத்தகங்களுக்குள் மக்கள் மறந்து விட்டுப்போகும் பொருட்கள். இதுதான் என் ஆய்வு. புத்தகம் திரும்பப் பெறும் மேசையில் பகுதிநேர வேலை பார்த்தபடி, தினம் ஒரு பொருளைப் படம் எடுத்தேன். ஹேர்பின். பஸ் டிக்கெட். மருந்துச் சீட்டு. மாதக் கடைசியில் நூலகர் அவற்றைக் குப்பையில் கொட்டிவிடுவார். ஆக, படம்தான் மிச்சம். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு.

கணினி படிக்கும் என் அறைத்தோழி முன்பே எச்சரித்தாள்.

“மூணு இடத்துல வச்சிருக்கியாடி?”

“வச்சிருக்கேனே. லேப்டாப் முகப்புல ஒண்ணு. அங்கயே ஒரு ஃபோல்டர்ல ஒண்ணு. அந்த ஃபோல்டருக்குள்ள ‘பத்திரம்’னு ஒரு ஃபோல்டர், அதுல ஒண்ணு.”

“ஒரே வீட்ல மூணு ரூம்ல நகைய வச்சா, திருடனுக்குக் கொஞ்சம் நடைதான் ஜாஸ்தி.”

சிரித்தேன். அடுத்த வாரமே லேப்டாப் படுத்துவிட்டது. பழுது பார்ப்பவர், “எல்லாத்தையும் சுத்தமா தொடச்சுட்டேம்மா, புதுசு மாதிரி இருக்கும்” என்று பெருமையோடு திருப்பிக் கொடுத்தார். அப்போதும் கலங்கவில்லை. எடுத்த படங்கள் எல்லாம் போனில் இருந்தன.

போன் நிரம்பியிருந்தது. காரணத்தைச் சொன்னால் கோபிக்கக் கூடாது. உங்கள் பூக்கள். தினமும் ஒன்று, சில நாள் மூன்று. அவற்றுக்காகவே படங்களை இரண்டு ஃபோல்டர்களாகப் பிரித்திருந்தேன்: ‘மாமா’, ‘மாமா அல்லாதவை’. இரண்டு வருடப் பல்கலைக்கழகப் படிப்பில் நான் செய்த ஒரே வகைப்பாடு இதுதான்.

திங்கள் மதியம், கேன்டீன். ஒப்படைக்க நான்கு நாள். முதலில் நம் உரையாடலை மொத்தமாக அழித்தேன். இடம் போதவில்லை. பிறகு பூக்களை அழிக்கப் போனேன். ஒரு கையில் டீ. அனைத்தையும் தேர்ந்தெடுத்தேன். ‘உறுதியாகவா?’ என்றது. உறுதியாக. எடுத்த வேலையை முழுசாக முடிக்க வேண்டும் என்று நீங்கள்தானே சொல்வீர்கள், அதனால் போனின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். பிறகு பார்த்தால் ஆயிரத்துச் சொச்சம் ரோஜாக்கள் அப்படியே இருக்கின்றன. போனது ‘மாமா அல்லாதவை’.

டீ ஆறிப்போனது.

அப்போதுதான் உங்கள் நினைவு வந்தது. காலை எட்டுக்குள் பதில் வராவிட்டால் “உடம்புக்கு என்ன பாப்பா?” என்று கூப்பிடுவீர்கள். அதிலிருந்து தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன்: முந்தின நாள் எடுத்த படத்தை ஒரு சொல்கூட இல்லாமல் உங்களுக்குத் தட்டிவிடுவது. பார்க்கவா போகிறார் என்று நினைத்தேன். மன்னிக்கவும்.

“மாமா, நான் அனுப்பின படமெல்லாம் இருக்கா?”

“தேதி சொல்லு.”

“எல்லாமே வேணும் மாமா.”

“மொத்தம் நானூத்திப் பதிமூணு. மார்ச் மாசம் ஒரே பென்சில ரெண்டு தடவ அனுப்பியிருக்க. அன்னைக்கு ஏதாச்சும் குழப்பமா?”

அங்கேதான் அழ ஆரம்பித்தேன்.

புதன்கிழமை நீங்களே பஸ் ஏறி வந்தீர்கள். ஒரு பென்டிரைவ். ஒரு நீள நோட்டு. உங்கள் உதிரிபாகக் கிடங்கில் கையெழுத்து வாங்காமல் ஒரு திருகாணியைக்கூட வெளியே விடாதவர், என்னிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பென்டிரைவைக் கொடுத்தீர்கள். விடுதிக் காவலாளியைச் சாட்சியாக வைத்து.

நோட்டை அன்று மாலைதான் பிரித்தேன். வரிசை எண், தேதி, பொருள், குறிப்பு.

‘ஹேர்பின், கறுப்பு. பாப்பா அவசரத்தில் இருக்கிறாள்.’

‘கடித்த பென்சில். யார் மேலோ கோபம்.’

‘மூக்குக் கண்ணாடியின் ஒரு கால். என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. பூ அனுப்பினேன்.’

இருநூற்று ஆறாம் எண்ணில் கை நின்றது. ‘ஆறு நாளாக பஸ் டிக்கெட் மட்டும். நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.’ படிப்பை விட்டுவிடலாம் என்று நான் பெட்டி கட்டிய வாரம் அது. யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஞாயிறு நீங்கள் வந்து, “இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்” என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமையில் என்ன வேலை என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. நீங்கள் வாங்கித் தந்த சாப்பாட்டைச் சாப்பிட்டேன். பெட்டியைப் பிரித்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

இனி ஒழுங்காக இருப்பேன். ஒரு பிரதி துறையில், ஒன்று என் ஹார்டு டிஸ்கில், ஒன்று உங்கள் பீரோவில். மூன்று வீடுகள். ஒரே ஒரு விண்ணப்பம்: தயவுசெய்து தினமும் ரோஜா அனுப்ப வேண்டாம். வாரத்துக்கு ஒன்று போதும். போன் தாங்கவில்லை.

வணக்கத்துடன்,
உங்கள் பாப்பா

பி.கு.: இதை நேற்று எழுதி, உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று மணி ஒன்பதரை. ரோஜா வரவில்லை. எட்டு மணியிலிருந்து ஐந்து முறை கூப்பிட்டுவிட்டேன். கடைசியில் அத்தைதான் எடுத்தார். உங்கள் போன் நிரம்பிவிட்டதாம். நான் அனுப்பிய படங்களில் ஒன்றைக்கூட அழிக்க மாட்டேன் என்று காலையிலிருந்து பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறீர்களாம். இத்துடன் ஒரு மெமரி கார்டு வைத்திருக்கிறேன், பெரியது. மேலே உள்ள விண்ணப்பத்தை அடித்துவிடவும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு உடனே பூ அனுப்பவும்.